பென்சில் புள்ளி

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான், ஒரு பெயரையும் மறந்ததில்லை. அவருடைய வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் பெயரைக் கூப்பிட்டு அவர் அங்கே இல்லாவிட்டால், அவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று யாராவது எழுந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் கூப்பிடவில்லை. டீச்சர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கல்வராயன் மலையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது நான் தலைமை ஆசிரியர். செல்போன் எல்லாம் வராத காலம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஒரு பஸ் வளைந்து வளைந்து ஏறி வரும். பாதிப் பேர் வாந்தி எடுத்த முகத்தோடு இறங்குவார்கள். புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்கள் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "கீழ போற பஸ் எத்தன மணிக்கு சார்?" என்பதுதான். டீச்சர் அதைக் கேட்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைங்க எங்க சார்?" என்றார். சரிதான், இது வேறு ரகம், நமக்குத் தலைவலிதான் என்று அப்போதே நினைத்தேன்.

நினைத்தது தப்பவில்லை. மறுநாள் காலை ஆறாம் வகுப்புப் பக்கம் போனால், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குப்புசாமி என்றார். பதில் இல்லை. "வரல டீச்சர்" என்றது ஒரு குரல்.

"வரலன்னு எனக்கே தெரியுதே. எங்க இருக்கறான்?"

"அவங்க அப்பாகூட மெளகு பறிக்கப் போயிட்டான் டீச்சர். கர்நாடகாவுக்கு."

"நீ கர்நாடகா பாத்திருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப நல்லதாப் போச்சு. பாத்ததச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமா? பாக்காததச் சொல்லு. குப்புசாமி இப்ப இன்னா பண்ணிகினு இருக்கான்?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாங்கள் கேட்பதெல்லாம் புத்தகத்தில் பதில் உள்ள கேள்விகள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லிக் குச்சியாக இருப்பாள், பெயர் வெள்ளச்சி. அதுவரை அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"ஏணியில ஏறிக்கினு இருக்கான் டீச்சர்."

"எவ்ளோ ஒசரம்?"

"நம்ம கொடிக்கம்பம் ஒசரம்."

"மேலேர்ந்து பாத்தா அவனுக்கு இன்னா தெரியுது?"

வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "நம்ம மலை தெரியுதான்னு பாக்கறான் டீச்சர். தெரியல."

பதிவேட்டில் குப்புசாமி வரவில்லை என்பதற்கான குறியை டீச்சர் பேனாவால் போட்டார். அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

அன்றைக்குப் பேர் கூப்பிட்டு முடிக்க இருபத்தைந்து நிமிஷம்! எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பாதி வருஷம் மலையிலேயே இருக்க மாட்டார்கள். கூலி வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவார்கள், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நாற்பது பேர் பெயர் இருந்தால் பத்து பேர் இருக்க மாட்டார்கள். பத்து பேருக்கும் கதை சொன்னால் பாடம் எப்போது நடத்துவது? அவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன். புள்ளி என்னம்மா புள்ளி என்றேன்.

"அன்னிக்கு அந்தப் புள்ளைய யாரோ ஒருத்தர் நெனச்சுக்கினாங்கன்னு ஒரு அடையாளம் சார்."

"அதுக்கெல்லாம் பதிவேட்டுல எடம் இல்லம்மா."

"பென்சில்தான சார். அழிச்சிக்கலாம்."

எங்கே அழித்தார்? மாதக் கடைசியில் பார்த்தால் பதிவேடு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

ஆள் பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்க மாட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டைக் குரல். காலில் ரப்பர் செருப்பு, ஒன்றுக்கு நீல வார், இன்னொன்றுக்குப் பச்சை வார். பிள்ளைகள் வரிசையில் கடைசி ஆளாகத் தட்டை ஏந்தி நின்று சோறு வாங்கி, தனியாக வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். மற்ற ஆசிரியர்கள் அவரோடு சேரவில்லை. இவர் பாட்டுக்கு இப்படிச் செய்தால் நாளைக்கு நம்மையும் செய்யச் சொல்வார்களே என்ற பயம் அவர்களுக்கு. எனக்கும் அதே பயம்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒருமுறை பாடத்தில் கடல் வந்தது. உப்பு நீர்ப்பரப்பு, அது இது என்று நாலு வரி இருக்கும். மனப்பாடம் செய்தால் முடிந்தது. இவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "கடல்னா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். மலையை விட்டு இறங்காத பிள்ளைகள் என்ன சொல்லும்? நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். அண்ணாமலை என்றொரு பையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "எங்க சாமைக் காட்டுல காத்தடிச்சா எல்லாம் ஒரு பக்கமா சாயும் டீச்சர். அப்பிடி சாஞ்சிகினே இருந்தா, காடு முடியவே முடியாம இருந்தா, அதான் கடலு."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடேய், எனக்குக்கூட இப்பதான்டா தெரியுது" என்றார். "நானும் கடலப் பாத்ததில்ல."

டீச்சர் பார்த்ததில்லையா என்று வகுப்பே கூச்சல் போட்டது. பார்த்ததில்லை என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ளும் வாத்தியாரை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

அதே அண்ணாமலைதான் பரீட்சையில் என் மானத்தை வாங்கினான். எங்கள் வீட்டு ஆடு என்று கட்டுரை. ஆட்டுக்கு நான்கு கால்கள் உண்டு, ஆடு பால் தரும் என்று எழுதினால் ஐந்துக்கு நாலு மார்க் வாங்கலாம். அவன் எழுதியிருந்தது எனக்கு இன்னும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. 'நான் ஆடு. எங்கள் வீட்டு மனிதர் பெயர் அண்ணாமலை. அவருக்கு இரண்டு கால்கள் உண்டு. அவர் பால் தர மாட்டார். திருவிழாவுக்கு என்னை வெட்டுவார் என்று நினைக்கிறேன். இப்போது நல்லவராக இருக்கிறார்.'

படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கதவைத் திறந்து, கேள்விக்குப் பதில் இல்லை என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டேன். டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"நீங்க சிரிச்சது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு சார். அதுக்காவது ஒரு மார்க் போடலாமில்ல?"

போடவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்.

சனிக்கிழமை மதியம் ஆனால் நாங்கள் எல்லோரும் கீழே இறங்கிவிடுவோம். என் குடும்பம் உளுந்தூர்பேட்டையில் இருந்தது. பிள்ளைகளும் பக்கத்து ஊர்களில் உள்ள வீடுகளுக்கு நடந்து போய்விடும். டீச்சர் மட்டும் போக மாட்டார். ஒரு வாரம் மழையில் பாதை சரிந்து பஸ் வரவில்லை, நானும் மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் பேச ஒரு ஜீவன் இல்லை. சாயங்காலம் வகுப்பறைப் பக்கமாக நடந்தேன். உள்ளே டீச்சர் குரல் கேட்டது. காலி பெஞ்சுகளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மடியில் பதிவேட்டை வைத்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவரே பதிலும் சொன்னார். அண்ணாமலை மாட்டைத் தேடிக்கினு போறான், மாடு இவனத் தேடிக்கினு வூட்டுக்கு வந்துடுச்சு. வெள்ளச்சி தம்பிக்குத் தல வாரி வுடறா, அவன் நிக்க மாட்டேங்கறான்.

ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். துளிக்கூடக் கூச்சப்படவில்லை.

"வாங்க சார். இன்னிக்கு நாப்பது பேரும் வரல. வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

அன்றுதான் அவர் தன்னைப் பற்றி எனக்குச் சொன்னது. கள்ளக்குறிச்சியில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் பிறந்தவர். மூன்றாவது படிக்கும்போது அம்மாவோடு வேர்க்கடலை பிடுங்கப் போய், ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் திரும்பியிருக்கிறார். "போயி என் எடத்துல உக்காந்தேன் சார். எங்கடி போயிருந்தன்னு யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் கேக்கல. நான் போனதும் தெரியல, வந்ததும் தெரியல." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க சார். உங்க வூட்டுல இப்ப அக்கா இன்னா பண்ணிகினு இருக்காங்க?"

"எனக்கெப்பிடிம்மா தெரியும்? நான் இங்க இருக்கறேன்."

"தெரிஞ்சத யாரு சார் கேட்டா? தெரியாததத்தான கேக்கறேன்."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாக வீட்டில் என்ன செய்வாள் என்று ஒரு படம்கூட எனக்கு வரவில்லை. "நமக்கு அதெல்லாம் வராதும்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். அறைக்கு வந்து வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் கரும்பு வெட்டு தொடங்கியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்தில் வெள்ளச்சியின் அப்பா அம்மா போனார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. தொடர்ந்து இத்தனை நாள் வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. நீக்கிவிட்டால் அந்தப் பிள்ளை திரும்பி வந்தாலும் சேர்க்க ஆள் வர வேண்டும், தாள் வர வேண்டும். அதோடு படிப்பு போய்விடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். பெயரை அடித்துவிடுங்கள் என்றேன். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். "இருக்கட்டும் சார். தெனம் கூப்பிட்டுக்கினுதான இருக்கறோம்."

கூப்பிட்டார்கள். ஐம்பது நாளைக்கு மேல், தினமும் ஒரு பிள்ளை எழுந்து வெள்ளச்சி எங்கே என்று சொன்னது. வெள்ளச்சி கரும்புத் தோகை வேய்ந்த குடிசை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். சேலையில் ஏணை கட்டித் தம்பியை ஆட்டுகிறாள். தாலாட்டுத் தெரியாததால் எட்டாம் வாய்ப்பாடு சொல்லி ஆட்டுகிறாள். தம்பி எட்டெட்டு வந்ததும் தூங்கிவிடுகிறான், அதனால் எண்பது வரைக்கும் போனதே இல்லை. எனக்கே அந்தக் குடிசை கண்ணில் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று ஒருவன் சொல்ல, சாப்பாட்டு நேரம் வரை வகுப்பே முகம் வாடி இருந்தது. மறுநாள் முதல் வேலையாக அவளைக் குணமாக்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். தங்கிப் படிக்கும் பள்ளிகளில் இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுதிச் சோறு வாங்குகிறார்கள் என்று எங்கோ புகார் வந்து, அதைப் பிடிக்கவே கிளம்பி வந்தவர். பதிவேட்டை வாங்கி அவரே பேர் கூப்பிட்டார். வெள்ளச்சி என்றார்.

அண்ணாமலை எழுந்து நின்றான். "வெள்ளச்சி இப்ப குளிச்சிட்டுத் தலைய ஒணத்திகினு இருக்கா சார். தம்பி எழுந்துட்டான்."

"எங்க, விடுதியிலயா?"

பையன் டீச்சரைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இல்ல சார், வாசல்ல" என்றான். "வாசல்ல வெயில் நல்லா இருக்குது சார்" என்று இன்னொரு பெண் உதவிக்கு வந்தாள். சரி, நல்லதாகத்தான் செய்கிறோம் என்று நினைத்து, பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு எழுந்து சொன்னார்கள். அதிகாரியின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. விடுதியைச் சுற்றித் தேடச் சொன்னார். வெள்ளச்சி எங்கே இருக்கிறாள், கிடைக்க? பதிவேட்டைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். இல்லை என்ற குறிக்குப் பக்கத்தில் எல்லாம் பென்சில் புள்ளி.

"அப்புறமா வருகை போட்டுக்க இப்பவே அடையாளம் வச்சிட்டீங்களா? புள்ளைங்களுக்குப் பொய் சொல்லவும் பழக்கியாச்சா?"

டீச்சர் விளக்கினார். புள்ளி எதற்கு, பேர் கூப்பிடுவது எப்படி, எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க அதிகாரிக்கு அது இன்னும் பெரிய பொய்யாகத் தெரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார். "ஹெட்மாஸ்டர், இந்தப் புள்ளி விவகாரம் உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு கவலையும் இல்லாமல் பார்த்தார். சார் சொல்லிடுவார் என்ற நம்பிக்கை. ஒரு வார்த்தை, தெரியும் என்ற ஒரே வார்த்தை போதும். எனக்கு ஓய்வு பெற நாலு வருஷம் இருந்தது, பையன் காலேஜில் இருந்தான். இதெல்லாம் காரணமா? பயந்தாங்கொள்ளி என்பதுதான் காரணம்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

எழுத்திலும் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அதிகாரி கண் முன்னாலேயே வெள்ளச்சி பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். பத்து நாளில் டீச்சருக்கு மாற்றல் வந்தது. எங்கேயோ கிழக்கே, கடலோரத்தில் ஓர் ஊர்.

பஸ்ஸுக்கு அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். அதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஏறும்போது திரும்பினார்.

"நீங்க எழுதிக் குடுத்ததப் படிச்சேன் சார். பரவால்ல. மொத மொறையா ஒன்னு சொந்தமா சொல்லியிருக்கீங்க."

திட்டியிருக்கலாம். என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்.

மறுநாள் ஆறாம் வகுப்பில் நானே பேர் கூப்பிட்டேன். வராதவர்களுக்குக் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். நாலு நிமிஷத்தில் முடிந்தது. பதிவேட்டை மூடினேன். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. "டீச்சர் பேரக் கூப்பிடல சார்" என்றான் அண்ணாமலை.

"டீச்சர் பேரு இதுல இருக்காதுடா."

அவன் கேட்கவில்லை, எழுந்து நின்றான். "டீச்சர் கடலுக்குப் போயி நிக்குது சார். நாம சொன்ன மாதிரி இருக்குதான்னு பாக்குது."

"இருக்குதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்குது. ஆனா யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம நிக்குது."

வகுப்பில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. என் முறை என்று நினைத்துவிட்டார்கள். "புஸ்தகத்த எடுங்க" என்றேன்.

பங்குனிக் கடைசியில் வெயில் ஏறிய ஒரு நாள், என் மேஜைக்கு முன்னால் வெள்ளச்சி வந்து நின்றாள். கூட அப்பா இல்லை, அம்மா இல்லை, தாளும் இல்லை. வெயிலில் கறுத்து, கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடு. பேசாமல் பதிவேட்டை எடுத்து, கடைசியில் அவள் பெயரைப் புதிதாக எழுதினேன். விதியாவது மண்ணாவது. என் வாழ்க்கையில் நான் மீறிய ஒரே விதி அதுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இத்தன நாளு இன்னாம்மா பண்ண?" என்றேன். அதைக் கேட்கவாவது கற்றிருந்தேன்.

"தம்பியப் பாத்துகினேன் சார். நானும் தெனம் காத்தால பேரு கூப்பிடுவேன். நாப்பது பேரும். யாரு இன்னா பண்றாங்கன்னு தம்பிக்குச் சொல்லுவேன். கடசியா டீச்சரு." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் எங்க சார்?"

"மாத்திட்டாங்கம்மா. கடலோரத்துல ஒரு ஊருக்கு."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து, "அங்க இன்னா பண்ணிகினு இருக்குது டீச்சரு?" என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். இந்த முறை அது நிஜம்.

"தெரிஞ்சதக் கேக்கல சார்" என்றாள் வெள்ளச்சி. மேஜை மேல் கிடந்த பென்சிலை எடுத்து, புதிதாக எழுதிய தன் பெயருக்குப் பக்கத்தில் எனக்காக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வகுப்புக்குப் போ என்றேன். போகவில்லை.